ஒரு கிட்டார், இரண்டு சாவி

"பத்து பேர் ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் இல்லங்கறார். நீங்க யார் பக்கம் உக்காருவீங்க?"

பல வருடங்களுக்கு முன்னால், ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில், பக்கத்து இருக்கையில் இருந்த சிறுமி கேட்ட கேள்வி அது. அவர் துப்பறிகிறவர் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. அவருக்குப் பல்வலி. "எங்க நாற்காலி காலியா இருக்கோ அங்க," என்று சொல்லிவைத்தார். சிறுமி சிரிக்கவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்துபோய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது துப்பறிவாளருக்கு அந்தப் பார்வை ஞாபகம் வந்தது. அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. அவருக்கு முழங்காலும் இல்லை என்றே சொல்லிவிடலாம்.

"இன்னும் ஒரே ஒரு ஸ்டாப்பிங்தான் சார். உக்காந்துடாதீங்க, அப்புறம் தூக்கணும்," என்றாள் கண்டக்டர்.

அவள் பதினோரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். வேலை மாறியது. பட்டப்பெயர் மாறவில்லை, கடைசி இருக்கைவரைக்கும் கேட்கும் அந்தக் குரலும் மாறவில்லை.

"போன்ல என்னதான் சொன்னார் அந்தப் பெரியவர்?" என்று கேட்டாள்.

"அவரோட கிட்டாரை யாரோ எடுத்துட்டு, அதே மாதிரி இன்னொண்ணை வச்சிட்டாங்களாம். வீட்டுல யாரும் நம்பலையாம். சாயங்காலம் நாலு மணிக்குள்ள வாங்கன்னார்."

"பழசை எடுத்துட்டு புதுசை வச்சிட்டுப் போற திருடனா? விலாசம் கிடைச்சா சொல்லுங்க சார். எங்க வீட்டு மிக்ஸி ரொம்ப நாளா படுத்துக் கிடக்கு."

கதவைத் திறந்தவள் பெரியவரின் மகள். மருந்துக்கடையில் வேலை. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அவர்களைக் கூடத்தில் நிறுத்தி, உள்ளே கேட்காதபடி பேசினாள்.

"அப்பா உங்களைக் கூப்பிட்டது எனக்கு இப்பத்தான் தெரியும். தப்பா நினைச்சுக்காதீங்க. போன மாசம் குழாயைத் திறந்துவிட்டு தூங்கிட்டார், கீழ் வீடுவரைக்கும் தண்ணி. அதுக்கு முன்னாடி அடுப்பு. இப்ப இந்த கிட்டார். அதே கிட்டார்தாங்க. என் வீட்டுக்காரர் கலர் போட்டு வச்சிருக்கார், அவ்வளவுதான். அப்பா தினமும் 'இது என்னோடது இல்ல'ங்கறார். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பகல் முழுக்க அவர் தனி. எனக்கு பயமா இருக்கு." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. துடைக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தாள். "முதியோர் இல்லத்துல இடம் சொல்லியிருக்கேன். நாலு மணிக்கு வண்டி வருது."

பெரியவரின் அறை சுத்தமாக இருந்தது. கட்டில், அலமாரி, கதவோரம் வார் இறுக்கிக் கட்டிய ஒரு பெட்டி. கட்டிலில் பெரியவர். அவருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி. அது காலியாக இருந்தது.

துப்பறிவாளர் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு அதில் உட்கார்ந்தார்.

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன் சார்," என்றார் பெரியவர்.

"அடடா! டிரைவரும் வந்தாச்சு, கண்டக்டரும் வந்தாச்சு. இனிமே பஸ் வரவேண்டியதுதான் பாக்கி," என்றாள் கண்டக்டர்.

டிரைவர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தவர் போல முகம் கொஞ்சம் தடுமாறியது. "உன் குரலைக் கேட்டதுமே நினைச்சேன்மா, இது நம்ம ஆளுன்னு."

"கிட்டாரைப் பத்திச் சொல்லுங்க," என்றார் துப்பறிவாளர்.

"ரிட்டயர் ஆனதும் வாங்கினது. சின்ன வயசுலேருந்து ஆசை. ரெடிமேடா இல்ல, வெறும் மரமா வரும் சார். உடம்பு ஒரு துண்டு, கழுத்து ஒரு துண்டு, மீதியெல்லாம் பொட்டலம் பொட்டலமா. நாமளே தேய்ச்சு, சாயம் ஏத்தி, வார்னிஷ் போட்டு, கம்பி கட்டிக்கணும். நான் தேய்ப்பேன். ஆனா எனக்குக் கண்ணுல புரை. தேய்ச்சது சரியா இருக்கான்னு பாக்கத் தெரியாது. என் வீட்டுக்காரிதான் பாப்பா. கண்ணால இல்ல, கையால." அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். "ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல வேலை அவளுக்கு. சோடாவுலயும் வெந்நீர்லயும் கை வெடிச்சு வெடிச்சே கிடக்கும். எந்நேரமும் களிம்பு பூசியிருப்பா. வலது சுண்டுவிரல் நுனி மெஷின்ல போயிடுச்சு. அந்தக் கையை மரத்துமேல வச்சு ஒரு தடவு தடவுவா. 'இன்னும் இருக்கு'ம்பா. நான் மறுபடி உப்புத்தாளை எடுப்பேன். இப்படியே நாலு மாசம்."

கண்டக்டர் கதவோரத்திலிருந்து நகர்ந்து கட்டிலருகே வந்தாள்.

"கடைசியா அவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அன்னைக்கு, கீழ டாக்சி ஹாரன் அடிக்குது. அவளால எழுந்து நிக்க முடியல. மேஜைமேல கிடந்த மரத்துல கையை ஊன்றி எழுந்தா. அப்படியே கொஞ்ச நேரம் நின்னா. 'இப்ப போதும்'னா. அதுக்கப்புறம் நான் அந்த மரத்துல தாள் போடல சார். துணியைச் சுத்தி எடுத்து வச்சுட்டேன்."

பிறகு நடந்ததையும் சொன்னார். ஏழு மாதம் கழித்து அவருக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன். கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பால்கனியில் கிட்டார் நீலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மருமகன் ஆசையாகச் செய்த வேலை.

"தொட்டேன். என்னோடது இல்ல."

"மருமகன் மேல சந்தேகமா?"

டிரைவர் கோபப்பட்டார். "என்ன சார் பேச்சு இது? ஆபரேஷன் ஆகி வந்ததுலேருந்து ஒரு மாசம், தினம் நாலு வேளை, என் கண்ணுல சொட்டு மருந்து ஊத்தினவர் அவர். லைப்ரரில வேலை. மத்தியான வேளைக்கு அங்கேருந்து நடந்து வந்து ஊத்திட்டுப் போவார். அவரைச் சந்தேகப்பட்டா எனக்குச் சோறு இறங்குமா?" பிறகு குரல் இறங்கியது. "யாரு மாத்தினாங்கன்னு எனக்குத் தெரியல. எதுக்குன்னும் தெரியல. நான் சொல்றது தப்புன்னா, தப்புன்னு சொல்லிடுங்க. பெட்டி கட்டியாச்சு. போயிடறேன். மகள் என்னைப் பாத்துப் பயப்படறா சார். அதை மட்டும் பாக்க முடியல."

எல்லோரும் பால்கனிக்குப் போனார்கள். உத்தரத்துக் கொக்கியில் கம்பி மாட்டி, கிட்டாரின் உடல் தொங்கியது. இன்னும் வார்னிஷ் பூசாததால் நீலத்தில் பளபளப்பில்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"கழுத்துப் பக்கம் நீட்டிக்கிட்டிருக்கே, இந்தக் கொம்பு இடுக்குல பாருங்க," என்றார் டிரைவர். இடுக்கின் வளைவில் மெல்லிய கறுப்புக் கோடுகள் குறுக்கே ஓடின. "மரத்தோட ரேகைக்குக் குறுக்கால தேய்ச்சா கீறல் விழும். வெறும் மரமா இருக்கறப்ப தெரியாது. சாயம் போட்டதும் கீறலுக்குள்ள அதிகமா இறங்கிக் காட்டிக் கொடுத்துடும். இது அவசரமாத் தேய்ச்ச கை சார்."

"அப்பா, அப்ப உங்களுக்குக் கண்ணே சரியாத் தெரியல," என்றாள் மகள். "நீங்களே குறுக்கால தேய்ச்சிருக்கலாம் இல்லையா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் டிரைவரைச் சோர வைத்தது.

துப்பறிவாளர் பால்கனி அலமாரியைத் திறந்தார். கழுவிக் காயவைத்த இரண்டு காலி சாயப் பாட்டில்கள். பாதி மிச்சமிருந்த மூன்றாவது பாட்டில். காகிதத்தில் சுருட்டி நூல் கட்டிய தூரிகை. எல்லாவற்றிலும் சிறிய கையெழுத்தில் லேபிள். 'ஒரு பாட்டில், ஒரு கிட்டாருக்கு இரண்டு பூச்சு' என்று பாட்டிலிலேயே அச்சிட்டிருந்தது.

"ரெண்டரை பாட்டில் எங்க போச்சு?" என்றாள் கண்டக்டர். "வெயிலுக்கு இதமா இருக்கும்னு குடிச்சிட்டாரா?"

"ரெண்டரை இல்ல, ஒண்ணரைதான் செலவு," என்று ஆரம்பித்த துப்பறிவாளர், மறுபடி எண்ணிப் பார்த்து, "ரெண்டரையேதான்," என்று ஒப்புக்கொண்டார். களைப்பு கணக்கிலும் தெரிந்தது.

கிட்டார் வந்த அட்டைப்பெட்டி கீழ்த் தட்டில் இருந்தது. உள்ளே வயர்கள், திருகாணிப் பொட்டலங்கள், செய்முறைத் தாள். ஒரு மூலையில், சுண்டுவிரல் நீளத்துக்கு வளைந்த ஒரு குட்டிச் சாவி. அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதற்குள் அறைக்குள் போயிருந்த கண்டக்டரின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"டிரைவரண்ணே! ஆணியில தொங்குதே உங்க சாவிக்கொத்து, இதுல டிப்போ லாக்கர் சாவி தெரியுது. இந்த வளைஞ்ச குட்டி எந்த பஸ்ஸுக்கு?"

"அது பஸ் சாவி இல்லம்மா. கிட்டார் கழுத்துக்குள்ள ஒரு இரும்புக் கம்பி ஓடும், அதை முறுக்கற சாவி. பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே கொத்துல மாட்டிக்கிட்டேன். குட்டியா இருக்கு, தொலைஞ்சுடும்னு."

துப்பறிவாளர் செய்முறைத் தாளை மகளிடம் நீட்டி, ஒரு வரியை விரலால் காட்டினார். 'கழுத்துக் கம்பிக்கான சாவி: ஒன்று.'

பிறகு உள்ளங்கையைத் திறந்தார்.

கண்டக்டர் சாவிக்கொத்தோடு வந்து, இரண்டு சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள்.

"ஒரு கிட்டார், ரெண்டு சாவி," என்றார் துப்பறிவாளர். "உங்க அப்பாவோட சாவி அவர்கிட்டயே இருக்கு. அப்ப இந்தப் பெட்டிக்குள்ள வந்தது இன்னொரு கிட்டாரோட சாவி."

மகள் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நம்ப ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததாலேயே பயந்தாள். "கடைக்காரங்க தவறுதலா ரெண்டு போட்டிருக்கலாமே? நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, ஒரு சாவியை நம்பித் தனியா விட்டேன்னு என்னை நானே மன்னிக்க முடியுமா? அந்த மரத்தைக் கொண்டாங்க. நான் வண்டியைத் திருப்பி அனுப்பறேன்."

மணி இரண்டரை.

நூலகம் இருபது நிமிட நடை. துப்பறிவாளருக்கு முப்பது.

"மருமகன் அதை வித்துட்டார் சார்," என்றாள் கண்டக்டர். "அந்த மரத்துக்குள்ள ஏதோ விசேஷம்."

"விக்கறவர் காலிப் பாட்டிலைக் கழுவி லேபிள் ஒட்டி வைக்க மாட்டார்."

"அப்ப உடைஞ்சிருக்கும். குப்பையில போட்டிருப்பார்."

"தூரிகையை நூல் கட்டிச் சுருட்டி வச்சிருக்கார். எதையும் தூக்கிப் போடத் தெரியாத மனுஷன். நாள் பூரா கிழிஞ்ச புத்தகத்தை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவர். கெட்டுப்போன பொருளை அப்படிப்பட்டவர் எங்க கொண்டுபோய் வைப்பார்?"

கண்டக்டர் இரண்டடி நடந்தாள். "ஒட்டற இடத்துல."

"ரைட்," என்றார் துப்பறிவாளர்.

"அது என் டயலாக் சார்."

நூலகத்தில் கண்டக்டர் தன்னால் முடிந்த அளவு மெதுவாக, "அவர்தானா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வாசகர்கள் தலை நிமிர்ந்தார்கள். ஒருவர் உதட்டில் விரல் வைத்தார்.

கவுண்டரில் இருந்தவர் ஒல்லியான மனிதர். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாகச் செதில் விட்டிருந்தது. புத்தகத்தில் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தார். துப்பறிவாளர் எதுவும் கேட்கவில்லை. இரண்டு குட்டிச் சாவிகளையும் கவுண்டரின்மேல் வைத்தார்.

நூலகரின் முத்திரை அந்தரத்தில் நின்றது. மெல்லக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பயத்தைவிட ஆறுதல்தான் அதிகம் தெரிந்தது. "வாங்க," என்று மட்டும் சொன்னார்.

பின்பக்கம் சின்ன அறை. பசைக் கிண்ணங்கள், அழுத்துப் பலகை, முதுகு பிய்ந்த அகராதிகள். சுவரோரம் அடுக்கிய பழைய நாளிதழ்த் தொகுப்புகளுக்குப் பின்னாலிருந்து, பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு மூட்டையை இழுத்தார். மேஜையில் வைத்தார். பிரிக்கவில்லை.

"விக்கல சார். சத்தியமா. கெடுத்துட்டேன்." அவர் நின்றபடியே பேசினார். "மாமா திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கணும்னு ஆசை. முதல் பூச்சு போட்டேன், நல்லா இறங்கிச்சு. நடுவுல மட்டும் ஒரு இடம் வெளுப்பா நின்னுது. ரெண்டாவது பூச்சு. மூணாவது. ரெண்டாவது பாட்டிலை உடைச்சேன். அந்த இடம் மட்டும் பிடிக்கவே இல்ல. கை மாதிரி. என் கைதான் அது. எந்நேரமும் பசை ஒட்டியிருக்கற கை. பசை பட்ட இடத்துல சாயம் பிடிக்காதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கு, நான்தான் கழுவாம தூக்கியிருக்கேன். அத்தையும் மாமாவும் நாலு மாசம் தேய்ச்ச மரம் சார் அது."

"தேய்ச்சு எடுத்திருக்கலாமே?" என்றாள் கண்டக்டர்.

"அத்தை தொட்டுத் தொட்டுப் பாத்த மரத்துல நான் எப்படித் தாள் போடுவேன்? கடைக்குப் போய் அதே மாதிரி ஒண்ணு வாங்கினேன். ரெண்டே நாள்ல தேய்ச்சு, சாயம் போட்டுத் தொங்கவிட்டேன். மாமா வந்தார். தொட்டார். 'இது இல்ல'ன்னார். அப்பவே சொல்லியிருக்கணும். 'ஆபரேஷன் ஆனதால அப்படித் தெரியுது மாமா'ன்னுட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கப்புறம் என் மனைவி அதையே பிடிச்சுக்கிட்டா. டாக்டர்கிட்ட சொன்னா. இல்லத்துக்கு போன் பண்ணினா. ஒவ்வொரு தடவையும் வாய்வரைக்கும் வந்துச்சு."

"வாய்வரைக்கும் வந்த பயணி இறங்கவே இல்ல," என்றாள் கண்டக்டர். வழக்கமான குரலில் இல்லை. முதல் முறையாக அந்த நூலகத்துக்கு ஏற்ற குரலில்.

கெட்ட மனிதர்கள் செய்யும் தீங்கைத் துப்பறிவாளர் நிறையப் பார்த்திருந்தார். நல்ல மனிதர் ஒருவர் வெட்கத்தால் செய்கிற தீங்குதான் அவரை அதிகமாகக் களைப்பாக்கியது. திட்டவும் முடிவதில்லை, விட்டுவிடவும் முடிவதில்லை. அவர் நூலைப் பிரித்துக் காகிதத்தை விலக்கினார்.

ஆழ்ந்த நீலம். கொம்பு இடுக்கில் ஒரு கீறல் இல்லை. உடலின் நடுவில், கொஞ்சம் மேலே தள்ளி, மரத்தின் சொந்த நிறத்தில் ஒரு கை பதிந்திருந்தது. விரல்கள் அகன்று, பாரம் தாங்கி ஊன்றிய கை.

கண்டக்டர் குனிந்து பார்த்தாள். நகத்தால் மெல்லச் சுரண்டினாள். "சார், இது பசை இல்ல."

"எப்படிச் சொல்றே?"

"பசைன்னா மேல ஏடு மாதிரி நிக்கும், நகத்துல வரும். இவர் விரலைப் பாருங்க, செதில் செதிலா உரியுது. இது உள்ள ஊறிப்போன எண்ணெய். டிக்கெட் புக்கை எண்ணெய்க் கையோட தொட்டா இப்படித்தான் ஆகும். அந்த இடத்துல மட்டும் பேனா எழுதவே எழுதாது, தலைகீழா நின்னாலும்."

துப்பறிவாளர் நூலகரைப் பார்த்தார். "உங்க கையை அதுமேல வைங்க."

"எதுக்கு சார்?"

"வைங்க."

நூலகர் வலது கையை அந்த வெளுப்பின்மேல் வைத்தார். பொருந்தவில்லை. அவர் கை பெரிது. நீலத்தின்மேல் எல்லாப் பக்கமும் வழிந்தது. அதைவிட, மரத்தில் இருந்த சுண்டுவிரல் நுனிக்கு முன்பே முடிந்துவிட்டது. நூலகரின் சுண்டுவிரல் அதைத் தாண்டி ஒரு கணு நீண்டிருந்தது.

அவர் கையைச் சுட்டுக்கொண்டவர் போல எடுத்தார்.

"நாலு மாசமா அவங்க தொட்ட தடமெல்லாம் மறுநாள் உப்புத்தாள்ல போயிடுச்சு," என்றார் துப்பறிவாளர். "கடைசியா ஊன்றின தடத்து மேல உங்க மாமா தாள் போடல. களிம்பு மரத்துல ஊறிக் கிடந்திருக்கு. யாருக்கும் தெரியாம. நீங்க சாயம் போடலேன்னா தெரிஞ்சே இருக்காது."

நூலகர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அத்தை," என்றார். வெளியே யாரோ பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "அத்தையோட கையை நான் ஒரு மாசமா பழைய பேப்பருக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தேனா?"

கண்டக்டர்தான் முதலில் அசைந்தாள். காகிதத்தை மறுபடி சுற்றி, மூட்டையை அவர் கையில் கொடுத்தாள். "மணி மூணரை ஆகுது. எழுந்திருங்க. போலாம் ரைட்."

வழியில் துப்பறிவாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் எதுவும் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க."

இல்லத்து வண்டி முன்னதாகவே வந்து வாசலில் நின்றிருந்தது. நான்கு மாடியையும் நூலகர் நிற்காமல் ஏறினார். துப்பறிவாளர் வந்து சேர்ந்தபோது, டிரைவர் செருப்பு மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி காலடியில். மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். நூலகர் மூட்டையைப் பெரியவர் மடியில் வைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டிருந்தார்.

"நான்தான் மாமா. நான்தான் மாத்தினேன். கெடுத்துட்டேன்னு நினைச்சு மறைச்சேன். நீங்க சொன்னது பூராவும் சரி."

டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. காகிதத்தை விலக்கினார். கண்ணுக்கு முன்னால் கைதான் போனது. கொம்பு இடுக்கில் விரலை ஓட்டினார். முகம் தெளிந்தது. "இதுதான்," என்றார். அப்புறம்தான் குனிந்து பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். மகள் பக்கத்தில் வந்து, அவர் தோளுக்கு மேலாக அதைப் பார்த்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பத்தான் எனக்குக் கண்ணு தெரியுது," என்றார் டிரைவர்.

மகள் செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள். நான்கு மாடி இறங்கும் சத்தம் மேலே கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டது.

நூலகர் எழுந்திருக்கவில்லை. டிரைவர் கிட்டாரைக் கட்டிலில் மெத்தென்று வைத்துவிட்டு, மருமகனின் தோளைப் பிடித்து எழுப்பினார். "இதையா ஒரு மாசமா தனியா சுமந்தீங்க மாப்பிள்ளை? அதான் இப்படி இளைச்சிட்டீங்க. போய் முகத்தைக் கழுவுங்க."

படியிறங்கும்போது கண்டக்டர் கேட்டாள். "சார், திருட்டும் நடக்கல, திருடனும் இல்ல. கேஸ் நோட்டுல என்ன எழுதறது?"

"கிடைச்சதுன்னு எழுது."

"மகள் ரெண்டு பேரையும் விடமாட்டா. இன்னிக்கு அந்த வீட்டுல கச்சேரி இருக்கு, கிட்டார் இல்லாமலே."

"இருக்கட்டும். பேசிக்கட்டும்." அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியைத் தேடினார். "பெரியவர் ஒருநாள் நிஜமாவே மறக்க ஆரம்பிப்பார். அன்னைக்கும் அவர் பேச்சை யாராவது ஒருத்தர் உக்காந்து கேக்கணும். கடவுள் அதுக்கு வழி பண்ணட்டும்."

கண்டக்டர் கையை நீட்டினாள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு காலை. மகள் மருந்துக்கடைக்கும் மருமகன் நூலகத்துக்கும் போய்விட்டார்கள். டிரைவர் குழாயை ஒருமுறை, அடுப்பை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு கதவோரம் அப்படியே கிடந்த பெட்டியைக் கட்டில்மேல் தூக்கி வைத்து வாரை அவிழ்த்தார்.

சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார். துண்டு, கண்ணாடி உறை, மருந்துப் பை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். இல்லத்துக்குப் போவதற்காகக் கட்டிய பெட்டியில் உப்புத்தாள் எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால், அவரால் பதில் சொல்லியிருக்க முடியாது. பொட்டலத்தோடு பால்கனிக்குப் போனார்.

இரண்டாவது கிட்டார் இன்னும் கொக்கியில் தொங்கியது. திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று மருமகன் சொன்னபோது, "வேண்டாம், நீங்க வச்சுக்குங்க, ரெண்டு பேருமா சேர்ந்து கத்துக்கலாம்," என்று டிரைவர்தான் தடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வார்னிஷ் பூசுவதாக ஏற்பாடு. பூசிவிட்டால் அந்தக் குறுக்குக் கீறல்கள் என்றைக்கும் அங்கேயே இருக்கும். மருமகன் அதை வாசிக்க எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அந்த இரண்டு நாளின் அவசரம் ஞாபகம் வரும்.

அவர் உடலை இறக்கி மடியில் கிடத்தினார். தாளைச் சின்னதாக மடித்து, கொம்பு இடுக்கில், ரேகையோடு ரேகையாக, அவசரமில்லாமல் தேய்த்தார். நீலம் வெளுத்தது. கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் இருக்கு," என்று தனக்கே சொல்லிக்கொண்டு, இன்னும் மெல்லிய தாளை எடுத்தார்.

கண்ணில் விழுந்த சொட்டுகளை அவர் எண்ணி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு மத்தியானமும் வெயிலில் நடந்துவந்த ஒருவரின் மூச்சு முகத்துக்கு மேலே கேட்டதும், கண்ணிமையைப் பிடித்த பசை காய்ந்த விரல் நடுங்காமல் இருந்ததும் மறக்கவில்லை.

தூசியைத் துடைத்தார். மூன்றாவது பாட்டிலைத் திறந்து, பழைய துணியில் தொட்டு, தேய்த்த இடத்தில் மட்டும் சாயம் ஏற்றினார். காயவிட்டு மறுபடி ஏற்றினார். எது பழைய நீலம், எது புதிய நீலம் என்று அவருக்கே தெரியாமல் போனபோது நிறுத்தினார். பாட்டிலை லேபிள் வெளியே தெரியும்படி, இருந்த இடத்திலேயே வைத்தார். கிட்டாரை அதே கொக்கியில், அதே பக்கம் பார்க்கும்படி மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை தூரிகையோடு வரும் மாப்பிள்ளை, தன் வேலை இவ்வளவு நேர்த்தியாகவா இருந்தது என்று ஆச்சரியப்பட்டுக்கொள்ளட்டும்.

காலிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, டிரைவர் குழாயடிக்குப் போனார். நக இடுக்கில் இருந்த நீலம் முழுக்கப் போகும்வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். குழாயை இறுக மூடினார்.